ஜோகிந்தருக்குக் கொடுத்த ஓவரும் உங்கள் கட்டிங் மேசையும்

வாசகரின் கடிதம் நீளமானது. அவரை அடையாளம் காட்டக்கூடியவற்றை நீக்கிச் சுருக்கமாகத் தருகிறேன்.

வயது 36. கொங்குப் பகுதியில் ஒரு பின்னலாடை நகரம். பனியன் கம்பெனியில் பல ஆண்டுகள் சூப்பர்வைசராக இருந்தவர், மூன்று ஆண்டுகளுக்கு முன் சகலையுடன் கூட்டுச் சேர்ந்து சொந்தமாக ஒரு யூனிட் தொடங்கினார். ஏற்றுமதியாளர் துணி தருவார்; வெட்டி, தைத்து, மடித்துக் கொடுப்பது இவர்கள் வேலை. நாற்பது பேர் வேலை பார்க்கிறார்கள். சென்ற ஆண்டு ஒரு தலைமைப்பண்புப் பயிலரங்குக்குப் போயிருக்கிறார். நாள் முழுக்க மகேந்திர சிங் தோனியைப் பற்றிய பேச்சு. ஏற்கெனவே 'தல' ரசிகர். அன்று முதல் எதைச் செய்தாலும் "தோனியாக இருந்தால் என்ன செய்திருப்பார்" என்று கேட்டுக்கொண்டே செய்ததாக எழுதுகிறார்.

பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. அனுபவமுள்ள கட்டிங் மாஸ்டரை ஒதுக்கிவிட்டு, 22 வயது உதவியாளரிடம் துணி முழுவதையும் ஒப்படைத்தார். "ஹர்பஜன் இருக்கும்போதே ஜோகிந்தரிடம் பந்தைக் கொடுத்தவர்தானே தோனி" என்பது அவர் சொல்லும் காரணம். பையன் ரோலைப் பிரித்த துணி சுருங்கி நிலைபெறும்வரை ஆறவிடாமல் வெட்டிவிட்டான். தைத்து முடித்த பிறகு அளவு குறைந்தது. ஏற்றுமதியாளர் அந்த நட்டத்தை இவர்கள் கணக்கில் எழுதி, ஆறு லட்சத்துக்கு மேல் டெபிட் போட்டுவிட்டார். அன்றும் முகம் மாறாமல் ஷெட்டில் நடமாடியதைச் சற்றுப் பெருமையுடனேயே எழுதியிருக்கிறார். சகலையிடம் சொல்லவில்லை. மனைவியின் 18 பவுன் நகையை அவருக்குத் தெரியாமல் அடகு வைத்தார். அவரோ அது லாக்கரில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். அதுவும் போதாமல் வாரவட்டிக்கு இரண்டு லட்சம் வாங்கினார். மூன்று வாரமாகச் சனிக்கிழமைச் சம்பளம் பாதிதான் கொடுக்க முடிகிறது.

கேள்விகள் இரண்டு. இவ்வளவு அமைதியாக இருந்தும் ஏன் யாரும் என்னை மதிப்பதில்லை? 2014-ல் மெல்போர்னில் தோனி விலகியதைப்போல நானும் ஒரே நாளில் பொறுப்பைச் சகலையிடம் விட்டுவிட்டு வெளியேறலாமா? கடிதத்தின் நடுவில், போகிறபோக்கில் எழுதியதுபோல ஒரு வரியும் இருக்கிறது: "சில இரவுகளில் எல்லாம் ஒரேயடியாக முடிந்துவிட்டால் நிம்மதி என்று தோன்றுகிறது."

அன்புள்ள நண்பருக்கு,

கடனுக்கும் கிரிக்கெட்டுக்கும் முன்னால் அந்த ஒரு வரியைப் பேசிவிடுவோம். ஓய்வுக்கு ஏங்கி எழுதினீர்களா, உயிரை விடும் எண்ணத்தில் எழுதினீர்களா என்பதைக் கடிதத்தை மட்டும் வைத்து என்னால் சொல்ல முடியாது. உங்களுக்குத் தெரியும். இரண்டாவது என்றால் இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலோ, தமிழக அரசின் 104-லோ பேசுங்கள். நள்ளிரவிலும் தமிழில் பேச ஆள் இருப்பார்கள். ஓய்வுக்கான ஏக்கம்தான் என்றாலும், வாரக்கணக்கில் தூக்கம் இல்லாதவர் எடுக்கும் எந்த முடிவையும் நான் நம்புவதில்லை. அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. இந்த வாரமே ஒரு முறை போய்வாருங்கள். ஆறு லட்சமும் இரண்டு லட்சமும் அடைக்கக்கூடிய கடன்கள். உங்களைப்போல நாற்பது பேருக்கு வேலை கொடுக்கத் தெரிந்தவர்கள் இதைவிடப் பெரிய தொகையிலிருந்து மீண்டிருக்கிறார்கள்.

இனி தோனி.

பயிலரங்கில் சொல்லாத மொகாலி

2007 செப்டம்பர் 24, ஜோகன்னஸ்பர்க். இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. கடைசி ஓவரில் பாகிஸ்தானுக்கு 13 ரன் வேண்டும், கையில் ஒரே விக்கெட். ஜோகிந்தர் சர்மாவிடம் பந்து போனது. முதல் பந்து வைடு. பிறகு ஒரு சிக்சர். நான்கு பந்தில் ஆறு ரன் என்ற நிலையில் மிஸ்பா உல் ஹக் குனிந்து பின்பக்கமாகத் தூக்கி அடித்தார், ஸ்ரீசாந்த் பிடித்தார். இந்தியா ஐந்து ரன்னில் வென்றது. அந்தப் பந்து ஸ்ரீசாந்தைத் தாண்டிப் போயிருந்தால்? தோனி எடுத்த முடிவு அப்போதும் அதேதான். ஆனால் அதை வைத்து யாரும் பயிலரங்கு நடத்தியிருக்க மாட்டார்கள்.

இதை வெறும் ஊகமாகச் சொல்லவில்லை. துணிச்சல் பலித்ததும் பலிக்காமல் போனதும் 2013-ல் நடந்தன. ஜூன் மாதம் பர்மிங்காமில் சாம்பியன்ஸ் டிராபி இறுதிப் போட்டி. அதுவரை ரன்களை வாரிக்கொடுத்திருந்த இஷாந்த் சர்மாவிடம் பதினெட்டாவது ஓவரைக் கொடுத்தார் தோனி. முதலில் சிக்சர், வைடுகள். பிறகு அடுத்தடுத்த பந்துகளில் இங்கிலாந்தின் மார்கனும் பொப்பாராவும் அவுட். கோப்பை இந்தியாவுக்கு. நான்கு மாதம் கழித்து மொகாலியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஒருநாள் போட்டி. கடைசி மூன்று ஓவரில் 44 ரன் தேவை என்ற நிலையில் மறுபடியும் இஷாந்திடமே பந்து போனது. ஜேம்ஸ் பால்க்னர் அடித்து நொறுக்க, அந்த ஒரே ஓவரில் 30 ரன். தோனி அன்று 139 ரன் அடித்து ஆட்டமிழக்காமல் இருந்தும் இந்தியா தோற்றது. அதே கேப்டன், அதே பந்துவீச்சாளர், ஏறக்குறைய அதே துணிச்சல். உங்கள் பயிலரங்கில் பர்மிங்காமைச் சொல்லியிருப்பார்கள். மொகாலியைச் சொன்னார்களா என்று யோசித்துப் பாருங்கள். வென்றவர்களின் கதையை வென்ற நாட்களை மட்டும் பொறுக்கி எடுத்துச் சொல்வது அந்தத் தொழிலின் வழக்கம். கட்டணம் வாங்கிக்கொண்டு யாரும் தோல்வியை விற்பதில்லை.

அடுத்தது, ஜோகிந்தர் கதையை நீங்கள் பாதிதான் எடுத்துக்கொண்டீர்கள். ஹர்பஜனுக்கு ஓவர் மிச்சம் இருந்தது உண்மை. ஆனால் சற்று முன்னர்தான் அவருடைய ஓவரில் மிஸ்பா மூன்று சிக்சர் அடித்திருந்தார். ஜோகிந்தரோ இரண்டு நாள் முன்பு டர்பனில், ஆஸ்திரேலியாவுக்கு எதிரான அரையிறுதியில், கடைசி ஓவரை வீசி ஆட்டத்தை முடித்துக் கொடுத்தவர். ஆக, தோனி புதியவனை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு குதிக்கவில்லை. அன்றைக்கு யார் அடி வாங்கினார், அண்மையில் இதே வேலையை யார் செய்தார் என்று பார்த்தார். அதே தொடரில், சமனில் முடிந்த முந்தைய பாகிஸ்தான் ஆட்டத்தை ஸ்டம்பைக் குறிவைத்துப் பந்தெறிந்து தீர்மானித்தார்களே, நினைவிருக்கிறதா? இந்திய அணி அதற்காகத் தனியாகப் பயிற்சி செய்துவிட்டு வந்திருந்தது. எறிந்த மூன்றும் பட்டன. பாகிஸ்தான் எறிந்தவற்றில் ஒன்றுகூடப் படவில்லை.

2011 உலகக் கோப்பை இறுதியும் இப்படித்தான். தொடர் முழுவதும் ஓர் அரைசதம்கூட அடிக்காத தோனி, அருமையாக ஆடிக்கொண்டிருந்த யுவராஜுக்கு முன்னால் தானே இறங்கியதை நெஞ்சுரம் என்று கொண்டாடுகிறோம். அவர் சொன்ன காரணம் ரொம்பச் சாதாரணமானது. முரளிதரன் பந்துவீசிக்கொண்டிருந்தார். ஐபிஎல்லில் சென்னை அணியில் ஒன்றாக இருந்தபோது வலைப்பயிற்சியில் அவரை ஆடிப் பழகியிருந்தார் தோனி. மறுமுனையில் கம்பீர் இடக்கை ஆட்டக்காரர் என்பதால் வலக்கை ஆட்டக்காரர் ஒருவர் இறங்குவதும் பொருத்தம்.

உங்கள் கட்டிங் மேசைக்கு வாருங்கள். அந்தப் பையன் இதற்கு முன் தனியாக எத்தனை சிறிய ஆர்டர்களை வெட்டியிருக்கிறான்? இந்தத் துணி எவ்வளவு சுருங்கும் என்று ஒரு ரோலை வெட்டி, சில பீஸ் தைத்துப் பார்த்தீர்களா? கட்டிங் மாஸ்டர் பக்கத்தில் நின்று பார்க்க வாய்ப்பு இருந்ததா? கடிதத்தில் இவற்றுக்குப் பதில் இல்லை. ஜோகிந்தருக்குக் கிடைத்தது ஒரு ஓவர். நீங்கள் பையனுக்குக் கொடுத்தது ஆட்டம் முழுவதையும். பையன் செய்தது தவறுதான். அதைவிடப் பெரிய தவறு அவனைத் தனியாக விட்டது.

முகம் மாறாமல் இருப்பது

உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. மற்றவர்களைப் போலத் தனக்கும் கோபமும் ஏமாற்றமும் வரும், அவற்றைக் கட்டுப்படுத்துவதில் சிலரைவிடத் தேர்ந்தவன், அவ்வளவே என்று தோனியே பேசியிருக்கிறார். அந்த உணர்ச்சிகளால் பயனில்லை; அடுத்து என்ன செய்வது, யாரைப் பயன்படுத்துவது என்பதில் இறங்கிவிட்டால் மனம் அடங்கிவிடும் என்பது அவர் சொன்ன வழி. எப்போதும் அது கைகூடியதும் இல்லை. 2019 ஏப்ரலில் ஜெய்ப்பூரில், ஏற்கெனவே அவுட் ஆகி வெளியே இருந்தவர், ஒரு நோ பால் தகராறில் மைதானத்துக்குள்ளேயே நடந்துபோய் நடுவர்களிடம் வாதாடினார். ஆட்டச் சம்பளத்தில் பாதி அபராதம். எனக்கு அந்தக் காட்சி பிடிக்கும். விதியை மீறியதற்காகச் சொல்லவில்லை. அவரைப் படமாக மாட்டிப் பொட்டு வைப்பவர்கள் அவசியம் பார்க்க வேண்டியது என்பதால் சொல்கிறேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. மைதானத்தில் தோனியின் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியாது. ஸ்கோர்போர்டை மட்டும் எல்லோரும் படிக்கலாம். எத்தனை ரன், எத்தனை பந்து என்று பதினோரு பேருக்கும் தெரியும். அரங்கில் கடலை விற்பவருக்கும் தெரியும். நெருக்கடி எல்லோருக்கும் தெரிந்திருக்கும்போது ஒருவர் பதறாமல் நின்றால் அது மற்றவர்களுக்குத் தைரியம் தரும். நீங்கள் ஸ்கோர்போர்டையே திரை போட்டு மூடிவிட்டீர்கள். டெபிட் விவரம் சகலைக்குத் தெரியாது, நகை விவரம் மனைவிக்குத் தெரியாது, பாதிச் சம்பளம் ஏன் என்று தையல்காரர்களுக்குத் தெரியாது. காரணம் தெரியாதவர்களுக்கு உங்கள் அமைதி எப்படித் தெரியும் என்று ஒரு நிமிடம் அவர்கள் பக்கம் நின்று பாருங்கள். வீட்டு வாடகைக்குப் பணம் போதாமல் நிற்கிற ஒரு பெண், சனிக்கிழமை மாலை உங்கள் சலனமில்லாத முகத்தைப் பார்த்து, "இவருக்கு நம்மைப் பற்றி அக்கறையே இல்லை" என்றுதான் நினைப்பார். மரியாதை குறைந்தது அதனால்தான்.

என்னிடம் வருபவர்களில், ஆண்களில் குறிப்பாக, இதை அடிக்கடி பார்க்கிறேன். மறைப்பதற்குச் செலவாகும் பலத்தை மன உறுதி என்று எண்ணிக்கொள்கிறார்கள். இரவு தூக்கம் போவதற்கு முதல் காரணம் அதுதான்.

ஒரே நாளில் விலகலாமா?

விலகலாமா என்பதற்கு முன்னால், தோனி எப்படி விலகினார் என்று பார்ப்போம். 2014 டிசம்பர் 30 அன்று, ஆஸ்திரேலியத் தொடரின் நடுவில், டெஸ்ட் ஆட்டத்திலிருந்து ஓய்வு அறிவித்தது பலருக்கு அதிர்ச்சிதான். ஆனால் அதே தொடரின் முதல் டெஸ்டில், அடிலெய்டில், தோனி காயத்தால் ஆடாதபோது விராட் கோலி கேப்டனாக இருந்து பார்த்துவிட்டார். பொறுப்பை வாங்கிக்கொள்ளத் தயாரான ஆள் இருந்தார். 2017 ஜனவரியில் ஒருநாள் அணியின் தலைமையை விட்ட பிறகும் தோனி போய்விடவில்லை. 2019 உலகக் கோப்பை வரை கோலியின் கீழ் ஆடினார். அவர் கைமாற்றியதில் சறுக்கியதும் உண்டு. 2022-ல் ஐபிஎல் தொடர் தொடங்கும் தறுவாயில் சென்னை அணியின் பொறுப்பு ரவீந்திர ஜடேஜாவிடம் போனது; எட்டு ஆட்டங்களில் ஆறு தோல்வி; மீண்டும் தோனியிடமே திரும்பி வந்தது.

உங்கள் நிலை இவை எதனோடும் ஒப்பிடக்கூடியது இல்லை. கடன் வைத்துவிட்டு, அது இருப்பதே தெரியாதவர் கையில் சாவியைக் கொடுப்பது ஓய்வு ஆகாது. சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. ஒரு வழக்கறிஞரை நீங்கள் நேரில் பார்த்தாக வேண்டும். போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை மட்டும் சொல்கிறேன்.

இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 1932-ன்படி கூட்டாளிகள் ஒருவருக்கொருவர் உண்மையான கணக்கும் முழுத் தகவலும் தரக் கடமைப்பட்டவர்கள். கணக்குப் புத்தகங்களைப் பார்ப்பது உங்கள் சகலையின் உரிமை. நீங்கள் மனம் வைத்துக் காட்டும் சலுகை இல்லை. நிறுவனத்தின் கடனுக்கு நீங்கள் இருவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. விலகினாலும், விலகுவதற்கு முன் ஏற்பட்ட கடன் பொறுப்பு உங்களைவிட்டுப் போகாது. கடன் கொடுத்தவர் சம்மதித்து உங்களை விடுவித்தால்தான் உண்டு. விலகியதைப் பொது அறிவிப்பாக வெளியிடாவிட்டால் பிறகு ஏற்படும் கடன்களும் உங்கள் பக்கம் வரலாம்.

அதே சட்டத்தில் உங்களுக்கு ஆறுதலான செய்தியும் இருக்கிறது. ஒப்பந்தப் பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிராவிட்டால், தொழிலில் வந்த நட்டத்தைக் கூட்டாளிகள் சமமாகவே தாங்க வேண்டும். வேண்டுமென்றே காட்டிய அலட்சியத்தாலோ மோசடியாலோ வந்த நட்டத்தை மட்டுமே அதைச் செய்தவர் தனியாக ஈடுகட்ட வேண்டும். நல்லெண்ணத்தில் ஒரு பையனுக்கு வாய்ப்புக் கொடுத்துத் தவறிப்போனதை எந்த வகையில் சேர்ப்பது என்பதை வழக்கறிஞர் சொல்வார். ஆனால் ஆறு லட்சம் முழுவதும் உங்கள் தலையில்தான் என்று நீங்களாகவே முடிவு செய்து, யாருக்கும் சொல்லாமல் நகையை வைத்துக் கட்டியது அவசரம். இன்னும் மறைத்துக்கொண்டே போனால், நேர்மையான தவறு மோசடிபோலத் தெரியத் தொடங்கும். அதைத்தான் நீங்கள் அஞ்ச வேண்டும்.

யாரிடம் முதலில்?

மனைவியிடம். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. அவருடைய நகை அவருடைய சொத்து. சங்கடத்தில் எடுத்துப் பயன்படுத்தியிருந்தாலும் திருப்பித் தரும் கடமை உங்களுடையது. தவிர, உங்கள் சகலையின் மனைவி அவருடைய தங்கை. சகலையிடம் முதலில் சொன்னால் அக்காவுக்குத் தங்கை வாயிலாகச் செய்தி போய்ச் சேரும். அதற்குப் பிறகு நீங்கள் எதைச் சொன்னாலும் எடுபடாது. அடகுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, குழந்தைகள் உறங்கிய பிறகு, "ஒரு தப்பு நடந்துவிட்டது, உன்னிடம் மறைத்துவிட்டேன்" என்று தொடங்குங்கள். தொகை, வட்டி, மீட்க வேண்டிய தேதி மூன்றையும் அப்போதே சொல்லிவிடுங்கள். தோனி, ஜோகிந்தர், பயிலரங்கு எதுவும் அந்தப் பேச்சில் வர வேண்டாம். அவர் கோபப்படுவார், அழலாம், சில நாள் பேசாமலும் இருக்கலாம். அந்த நேரத்தில் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். சில இரவுகளில் தோன்றுவதாக எனக்கு எழுதினீர்களே, அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

மறுநாளே சகலை. டெபிட் நோட்டு, வாரவட்டிக் கணக்கு, சம்பளப் பாக்கிப் பட்டியல் எல்லாவற்றையும் மேசையில் வையுங்கள். பிறகு இருவருமாக ஏற்றுமதியாளரைப் பாருங்கள். அளவு குறைந்த சரக்கு என்ன ஆனது, உள்நாட்டில் விற்க வழி உண்டா, மிச்சத் தொகையை அடுத்தடுத்த பில்களில் தவணையாகப் பிடித்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். வேலை தெரிந்த ஒரு யூனிட்டை இழப்பது அவர்களுக்கும் லாபம் இல்லை என்பதால் பேச இடம் இருக்கும். வாரவட்டிக்காரருக்குக் கொடுத்த ஒவ்வொரு தொகைக்கும் எழுத்தில் ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள். மிரட்டல் வந்தால் 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டப்படி காவல்துறையில் புகார் செய்யலாம்.

கையில் வரும் முதல் பணம் சம்பளப் பாக்கிக்குப் போகட்டும். உரிய காலத்தில் கூலி கொடுப்பது சட்டக் கடமை. தொழிலாளர் துறைக்குப் புகார் போனால் இன்னொரு தலைவலி. அதற்கு முன் வரும் சனிக்கிழமையே எல்லோரையும் நிறுத்தி, ஓர் ஆர்டரில் நட்டம் வந்திருக்கிறது, பாக்கி இன்ன தேதிக்குள் தருகிறோம் என்று நீங்களும் சகலையும் சேர்ந்து சொல்லுங்கள். காப்பாற்ற முடியாத தேதியைச் சொல்ல வேண்டாம்.

விலகும் யோசனையைக் கணக்கு வழக்கு தெளியும்வரை, குறைந்தது ஆறு மாதம், தள்ளி வையுங்கள். அதன் பிறகும் விலகத் தோன்றினால் தாராளமாக விலகலாம். பழையபடி சூப்பர்வைசராகப் போவதிலும் குறைவில்லை. நல்ல சூப்பர்வைசருக்கு உங்கள் ஊரில் என்ன மதிப்பு என்று உங்களுக்கே தெரியும்.

அந்தப் பையனை வேலையைவிட்டு நிறுத்திவிடலாமா என்றும் பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். மொகாலியில் அடி வாங்கிய இஷாந்த், ஒன்பது மாதம் கழித்து 2014 ஜூலையில் லார்ட்ஸ் டெஸ்டின் இரண்டாவது இன்னிங்சில் ஏழு விக்கெட் எடுத்து வென்று கொடுத்தார். குட்டைப் பந்தாக வீசச் சொல்லி வற்புறுத்தியது தோனிதான் என்று இஷாந்தே சொன்னார். என்ன வீச வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொல்ல அங்கே ஆள் இருந்தார், கவனியுங்கள். உங்கள் ஷெட்டில் அந்த ஆள் கட்டிங் மாஸ்டர். அவரை ஒதுக்கியதற்கு முதலில் அவரிடம் வருத்தம் தெரிவியுங்கள். பையனைத் தன் மேசையில் மறுபடி சேர்த்துக்கொள்ள அவர் சம்மதிக்கிறாரா என்று அதன் பிறகு கேளுங்கள். சம்மதித்தால், அடுத்த சில மாதங்களுக்கு அவர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் எந்த ரோலிலும் கத்தி வைக்கக் கூடாது என்று பையனிடம் சொல்லிவிடுங்கள்.